மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பும்போது வேலை நேரத்தை மாற்றிக் கேட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு குழந்தைகளுக்கும் விடுப்பு எடுத்து, இரண்டு முறை வேலைக்குத் திரும்பியவள் நான். பிற்பாடு ஒரு குழுவின் பொறுப்புக்கு வந்து, இதே கோரிக்கைகளுக்குப் பதில் எழுதும் இடத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். கூட வேலை பார்த்த பெண்கள் விடுப்பு முடியப்போகும் நேரத்தில் போன் செய்வார்கள். குரல்தான் மாறும், கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

“நெகிழ்வான வேலை நேரம்னா வீட்டிலிருந்து வேலை பார்க்கிறதுதானே அக்கா?”

அது ஒரு வகை மட்டும்தான். மொத்த நேரத்தைக் குறைக்காமல் முன்னே பின்னே தள்ளிக்கொள்வது இன்னொரு வகை: 10 மணிக்கு வருவதற்குப் பதில் 8 மணிக்கு வந்து 4 மணிக்குக் கிளம்பலாம். நேரத்தையே குறைப்பது மூன்றாவது: தினம் 6 மணி நேரம், அல்லது வாரம் 4 நாள். சுற்று ஷிப்டில் இருப்பவர்கள் சில மாதங்களுக்கு ஒரே ஷிப்டில் நிலையாக இருக்கக் கேட்கலாம். ஒரு பதவியை இரண்டு பேர் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. முதல் மாதம் வாரம் 3 நாள், அடுத்த மாதம் 4 நாள் என்று படிப்படியாகத் திரும்புவதும் இதில் அடங்கும்.

40 மணி நேரத்தை 4 நாளில் அடக்கித் தருகிறோம் என்று சில இடங்களில் சொல்வார்கள். ஒரு நாள் மிச்சமாகிறதே என்று தோன்றும். ஆனால் அது நாளுக்கு 10 மணி நேரம், போக வர ஆகும் நேரம் தனி. இரவில் எழுந்து பால் கொடுக்கும் காலத்தில் இதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

“இது என் உரிமையா, இல்ல மேனேஜர் மனசு வெச்சா கிடைக்கிற சலுகையா?”

பல நாடுகளில் கேட்பது உங்கள் உரிமை, ஆனால் கேட்டது கிடைத்தே தீரும் என்ற உத்தரவாதம் இல்லை. கோரிக்கையை வாங்கிப் பரிசீலித்துக் காரணத்தோடு பதில் சொல்ல வேண்டிய கடமை நிறுவனத்துக்கு உண்டு. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 6 முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே எந்த ஊழியரும் எழுத்தில் கேட்கலாம். 12 மாதத்தில் இரண்டு முறை கேட்கலாம், இரண்டு மாதத்துக்குள் முடிவு வர வேண்டும். ஆஸ்திரேலியாவில் பள்ளி வயதுக் குழந்தையோ அதைவிடச் சிறிய குழந்தையோ இருப்பவர், பொதுவாக 12 மாதம் வேலை பார்த்திருந்தால் கேட்கலாம். அங்கே 21 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்படி 60 நாளுக்குள் பதில். சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 1 முதல் வழிகாட்டு நெறிகள் வந்திருக்கின்றன, அங்கே இரண்டு மாதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு நெறிமுறை, குழந்தைக்குக் குறைந்தது 8 வயது ஆகும்வரை பெற்றோர் இப்படிக் கேட்க வழி செய்யச் சொல்கிறது.

இந்தியாவில் நிலைமை வேறு. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் செய்த திருத்தம்தான் விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது (ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம்தான்). விடுப்பு முடிந்த பிறகு, வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இரு தரப்பும் பேசி ஒப்புக்கொள்ளும் காலத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்ய நிறுவனம் அனுமதிக்கலாம் என்றும் அதே திருத்தம் சொல்கிறது. ‘அனுமதிக்கலாம்’தான், ‘அனுமதிக்க வேண்டும்’ அல்ல. ஆனால் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம், தாய் நாளுக்கு 4 முறை அங்கே போய் வரலாம். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இந்த விதிகள் இருக்கின்றன. சட்டத்துக்கு மேலே உங்கள் நிறுவனத்தின் சொந்தக் கொள்கை கூடுதலாக ஏதாவது தரலாம். ஊழியர் கையேட்டை ஒரு முறை முழுக்கப் படித்துவிட்டு அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

“எப்போ கேட்கணும்? லீவுல போறதுக்கு முன்னாடியேவா?”

போகும் முன் ஒரு பேச்சாகச் சொல்லி வைக்கலாம், ஆனால் உறுதியாக எதையும் கேட்காதீர்கள். குழந்தை எப்படித் தூங்கும், உங்கள் உடம்பு எப்படித் தேறும், யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் அப்போது யாருக்கும் தெரியாது. ஏழாம் மாதத்தில் போட்ட கணக்கு ஐந்தாவது மாதக் குழந்தையிடம் செல்லாது.

எழுத்தில் கேட்பதற்குச் சரியான நேரம், திரும்பும் தேதிக்கு இரண்டு, மூன்று மாதம் முன்பு. மேலே சொன்ன கெடுக்கள் இரண்டு மாதம் வரை நீள்கின்றன என்பதைக் கவனியுங்கள். திரும்பிய அன்றைக்குக் கேட்டால், பதில் வரும்வரை பழைய நேரத்தில்தான் ஓட வேண்டியிருக்கும்.

“நான் ஏற்கெனவே சேர்ந்துட்டேன். இப்போ கேட்டா லேட்டா?”

இல்லை. எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். சொல்லப்போனால் இரண்டு வாரம் வேலை பார்த்த பிறகு எந்த நேரம் இடிக்கிறது என்று துல்லியமாகச் சொல்ல முடியும்.

“மேனேஜர் நல்லவர்தான். வாயால சொன்னா போதாதா?”

முதல் முறை நான் அப்படித்தான் செய்தேன். “சாயங்காலம் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பிக்கலாமா சார்?” என்று கேட்டேன். “அதுக்கென்னம்மா, பார்த்துக்கலாம்” என்றார். அவரும் நல்லவர்தான், மனதாரச் சொன்னதுதான். ஆனால் ‘கொஞ்சம்’ என்பது அவருக்குப் பத்து நிமிடம், எனக்கு ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு மாலையும் பையை எடுக்கும்போது அனுமதி கேட்கிற மாதிரியே நின்றேன். நான்கு மாதத்தில் அவர் வேறு பிரிவுக்கு மாற்றலாகிப் போனார், கூடவே அந்த ஏற்பாடும் போனது. புதிதாக வந்தவரிடம் காட்ட என்னிடம் ஒரு வரி கூட இல்லை.

அதனால் முதலில் நேரில் பேசுங்கள், அன்று மாலையே அதை மெயிலில் எழுதி அனுப்புங்கள். நல்ல மேனேஜருக்கும் அந்தக் காகிதம் உதவும், ஏனென்றால் அவரும் தன் மேலதிகாரியிடம் எதையாவது காட்ட வேண்டும்.

“சரி, மெயில்ல என்ன எழுதறது? ரெண்டு வரியிலேயே நின்னுடுது.”

என்ன மாற்றம், எந்தத் தேதியிலிருந்து, எவ்வளவு காலத்துக்கு, நீங்கள் இல்லாத நேரத்தில் வேலை எப்படி நடக்கும், எப்போது மறுபடி உட்கார்ந்து பேசுவது. இவ்வளவும் இருந்தால் போதும். ஒரு மாதிரி தருகிறேன்:

“என் மகப்பேறு விடுப்பு மார்ச் 31 அன்று முடிகிறது. ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை என் வேலை நேரத்தைக் காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை என்று மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மொத்த வேலை நேரத்தில் மாற்றம் இல்லை. மாலை 4 மணிக்குப் பிறகு வரும் அவசர வேலைகளைப் பார்த்துக்கொள்ள என் சக ஊழியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். காலை 10 மணிக்கு முன் வருபவற்றை அவருக்காக நான் கவனிப்பேன். வாராந்திர அறிக்கை வழக்கம்போல் வியாழன் மதியத்துக்குள் வந்துவிடும். எட்டு வாரம் கழித்து, மே மாதக் கடைசியில், இது எப்படிப் போகிறது என்று பேசித் தேவையானதை மாற்றிக்கொள்ளலாம்.”

இதில் இரண்டு இடங்கள் முக்கியம். சக ஊழியர் ஒப்புக்கொண்டார் என்று எழுதும் முன் அவரிடம் நிஜமாகவே பேசியிருக்க வேண்டும். அப்புறம் அந்த எட்டு வாரம். முடிவு சொல்பவர் பயப்படுவது, ஒரு தடவை சரி என்றால் மாற்றவே முடியாதோ என்றுதான். ஒரு சோதனைக் காலம் கொடுத்தால் அந்தப் பயம் பாதியாகக் குறைந்துவிடும். நானே பதில் எழுதும் இடத்தில் இருந்தபோது, சோதனைக் காலம் போட்டு வந்த கோரிக்கைகளுக்குச் சரி சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதை உணர்ந்திருக்கிறேன். நீங்கள் பிரிட்டனில் இருந்தால், இது சட்டப்படியான கோரிக்கை என்றும், இதற்கு முன் கேட்டதுண்டா, எப்போது என்றும் தேதியோடு குறிப்பிடுங்கள்.

“குழந்தை விஷயம் எவ்வளவு சொல்லணும்?”

ஒரு வரி போதும். உங்கள் வீட்டில் யாருக்கு என்ன உடம்பு, மாமியார் ஏன் வர முடியவில்லை என்பதையெல்லாம் விளக்க வேண்டிய அவசியம் இல்லை. காரணங்களை நீட்டினால் பேச்சு உங்கள் குடும்பத்தை எடைபோடுவதாக மாறிவிடும். பேச வேண்டியது வேலை நேரத்தைப் பற்றி.

“நேரத்தைக் குறைச்சா சம்பளம் எவ்வளவு குறையும்?”

தள்ளிக்கொள்வதற்கும் குறைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை முதல் கேள்வியில் பார்த்தோம். தள்ளிக்கொண்டால் சம்பளம் குறையக் காரணமே இல்லை. குறைத்தால் அதே விகிதத்தில் குறையும்: 8 மணி நேரம் 6 ஆனால் 25 சதவீதம், 5 நாள் 4 ஆனால் 20 சதவீதம். வருங்கால வைப்பு நிதி, போனஸ், ஆண்டு விடுப்பு நாள்கள் என்று சம்பளத்தையும் வேலை நாளையும் வைத்துக் கணக்கிடப்படும் மற்றவையும் மாறக்கூடும். இன்னொரு குழந்தை பற்றிய யோசனை இருந்தால் இதையும் பாருங்கள்: இந்தியாவில் மகப்பேறு காலப் பணம், விடுப்புக்கு முந்தைய மூன்று மாதச் சராசரிச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. ஒப்புக்கொள்ளும் முன் எல்லா எண்களையும் எழுத்தில் வாங்குங்கள்.

இந்தப் பக்கத்தில் நான் அடித்துச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டென்றால் அது இதுதான். நேரத்தைக் குறைத்தால் வேலையையும் குறைக்க வேண்டும். வாரம் 5 நாளில் செய்ததை 4 நாளில் செய்துகொண்டு, 4 நாள் சம்பளம் வாங்கும் பெண்களை எனக்கு நிறையத் தெரியும். ஐந்தாவது நாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மெயில் பார்ப்பார்கள். அதனால் கோரிக்கையிலேயே “இந்த இரண்டு பொறுப்புகள் இன்னாரிடம் போகும்” என்று எழுதுங்கள். எதைக் கைமாற்றுவது என்று சொல்ல முடியவில்லை என்றால், நேரத்தைக் குறைக்காதீர்கள், தள்ளி மட்டும் கேளுங்கள்.

“எனக்கு கம்ப்யூட்டர் வேலை இல்லை. நின்னுக்கிட்டே பார்க்கிற வேலை, ஷிப்ட் வேற. எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?”

பொருந்தும். வீட்டிலிருந்து செய்ய முடியாதுதான், ஆனால் நெகிழ்வு அது மட்டும் இல்லையே. செவிலியர், கடை ஊழியர், தொழிற்சாலைத் தொழிலாளி என்று ஆள் மாற்றி ஆள் நிற்கும் வேலைகளில் நேர அட்டவணை ஏற்கெனவே எழுத்தில் இருக்கிறது. அதற்குள் கேட்பதுதான் வழி. ஆறு மாதத்துக்கு இரவு ஷிப்ட் வேண்டாம், அல்லது அட்டவணையை இரண்டு வாரம் முன்பே தர வேண்டும், அல்லது காப்பகம் திறக்கும் நேரத்தை ஒட்டி அரை மணி தள்ளித் தொடங்க வேண்டும். பலருக்கு அந்த அரை மணிதான் முழுப் பிரச்சினையும்.

இங்கே சக ஊழியரோடு முதலில் பேசுவது இன்னும் முக்கியம். காலை ஷிப்ட் பிடிக்காத ஒருவர் எங்கும் இருப்பார். அவரைத் தேடிப் பிடித்து, மாற்றிக்கொள்ளச் சம்மதம் வாங்கி, இரண்டு பெயரோடும் மேற்பார்வையாளரிடம் போனால் அவர் மறுக்கக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

“பால் எடுக்க நேரம் வேணும். அதையும் இதே மெயில்ல கேட்கலாமா?”

தனியாகக் கேளுங்கள். நேர மாற்றம் பேசி முடிவு செய்வது, பாலூட்டும் இடைவேளை பல நாடுகளில் சட்டமே தருவது. இரண்டையும் ஒரே மெயிலில் போட்டால், மறுக்கக்கூடியதோடு சேர்ந்து மறுக்க முடியாததும் பேரத்துக்கு வந்துவிடும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு மகப்பேறு பாதுகாப்பு உடன்படிக்கை (எண் 183), நாளுக்கு ஒன்றோ அதற்கு மேலோ இடைவேளை அல்லது வேலை நேரக் குறைப்பு தர வேண்டும், அதை வேலை நேரமாகவே கணக்கிட்டுச் சம்பளம் தர வேண்டும் என்கிறது. இந்தியச் சட்டத்தில் வழக்கமான ஓய்வு நேரம் போகக் கூடுதலாக 2 இடைவேளைகள், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை.

இடத்தையும் சேர்த்துக் கேளுங்கள்: உள்ளே தாழ்ப்பாள் போடும் அறை, உட்கார நாற்காலி, ஒரு பிளக், பக்கத்தில் தண்ணீர். கழிப்பறை இதற்கான இடம் இல்லை, அங்கே அனுப்பினால் தயங்காமல் மறுத்துப் பேசுங்கள். எடுத்த பாலைச் சாதாரண அறை வெப்பத்தில் 4 மணி நேரம்வரையும், குளிர்சாதனப் பெட்டியில் 4 நாள்வரையும் வைக்கலாம்.

“கேட்டு ஒரு மாசம் ஆச்சு. பார்க்கலாம், பார்க்கலாம்னே சொல்றாங்க.”

உங்கள் நாட்டுக் கெடு என்ன என்று இரண்டாவது கேள்வியில் பார்த்து, அந்தத் தேதியைக் குறிப்பிட்டு ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். கெடு இல்லாத இடத்தில் நீங்களே ஒரு தேதி வையுங்கள்: “காப்பகத்தில் 15ஆம் தேதிக்குள் நேரம் சொல்ல வேண்டும், 12ஆம் தேதிக்குள் முடிவு தெரிந்தால் உதவியாக இருக்கும்.” ஹெச்.ஆருக்கும் ஒரு நகல் போகட்டும்.

“முடியாதுன்னு சொல்லிட்டாங்க. இனி என்ன பண்றது?”

முதலில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பிரிட்டனில் மறுக்கச் சட்டம் அனுமதிக்கும் வணிகக் காரணங்கள் மொத்தம் எட்டுதான்: கூடுதல் செலவு, வேலையை மற்றவர்களிடம் பிரிக்க முடியாமை, புதிதாக ஆள் எடுக்க முடியாமை, தரம் குறைவது, செயல்பாடு குறைவது, வாடிக்கையாளர் தேவையைச் சமாளிக்க முடியாமை, கேட்ட நேரத்தில் போதிய வேலை இல்லாமை, திட்டமிட்ட அமைப்பு மாற்றம். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இந்தப் பட்டியல் உதவும், உங்களுக்குச் சொன்ன காரணம் இதில் எதில் அடங்குகிறது என்று பாருங்கள். ஒன்றிலும் அடங்காத காரணம் என்றால், “எல்லாருக்கும் இப்படிக் கொடுக்க முடியாது” மாதிரி, அது இன்னும் பேசக்கூடிய மறுப்பு.

பிறகு கோரிக்கையைச் சிறிதாக்குங்கள். ஐந்து நாளும் முடியாதென்றால் மூன்று நாள். ஆறு மாதம் முடியாதென்றால் எட்டு வாரம். அந்தக் காரணத்துக்கே பதில் சொல்வதாக இரண்டாவது கோரிக்கை இருக்க வேண்டும்: வாடிக்கையாளர் மாலையில்தான் அழைக்கிறார்கள் என்றால், எந்த நாள்களில், எத்தனை அழைப்பு என்று எண்ணிக் காட்டுங்கள். அதற்கும் மேலே போக வேண்டிய நிலை வந்தால் தொழிற்சங்கம், தொழிலாளர் துறை, வழக்கறிஞர் என்று வழிகள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூன் முதல் இந்தத் தகராறுகளை ஃபேர் ஒர்க் ஆணையத்திடம் கொண்டுபோகலாம். மெயில்களை வரிசையாகச் சேமித்து வைத்திருந்தால்தான் இவை எதுவும் பயன்படும்.

“ஒத்துக்கிட்டாங்க. ஆனா அஞ்சு மணிக்குத்தான் மீட்டிங் வைக்கிறாங்க.”

முதல் மூன்று வாரம் ரொம்ப முக்கியம். அப்போது “இன்னிக்கு ஒரு நாள் மட்டும்” என்று உட்கார்ந்துவிட்டால் அதுவே பழக்கமாகிவிடும். உங்கள் நேரத்தைப் பொது நாள்காட்டியில் போட்டு வையுங்கள், மெயிலின் கீழே பெயரோடு எழுதி வையுங்கள். 5 மணி மீட்டிங்குக்கு, “நான் 4 மணிவரை இருப்பேன், 3 மணிக்கு வைத்தால் வர முடியும்” என்று பதில் போடுங்கள். மன்னிப்புக் கேட்காதீர்கள். மாறவே இல்லையென்றால், எத்தனை முறை நடந்தது என்ற கணக்கோடு எட்டு வாரப் பேச்சில் எடுத்து வையுங்கள்.

“டீம்ல முணுமுணுக்கிறாங்க. எனக்குக் குற்ற உணர்ச்சியா இருக்கு.”

முணுமுணுப்பில் பாதி, விஷயம் தெரியாததால் வருவது. நீங்கள் 8 மணிக்கே வந்துவிடுகிறீர்கள் என்பதை 10 மணிக்கு வருபவர் பார்ப்பதில்லை, 4 மணிக்குக் கிளம்புவதை மட்டும்தான் பார்க்கிறார். ஏற்பாடு என்ன என்று குழுவுக்கு மேனேஜரே சொல்லட்டும், அது அவர் வேலை. மீதிப் பாதி நியாயமாகவும் இருக்கலாம். உங்கள் வேலை நிஜமாகவே இன்னொருவர் தலையில் விழுந்திருந்தால், சம்பளக் கேள்வியில் சொன்ன கைமாற்றல் சரியாக நடக்கவில்லை என்று அர்த்தம். அதை நீங்களே எடுத்துப் பேசினால் அந்த நபர் உங்கள் பக்கம் நிற்பார்.

“பிரமோஷன் போயிடுமா?”

பாதிக்கும் இடங்கள் இருக்கின்றன, இல்லையென்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். நீங்கள் செய்யக்கூடியது, மதிப்பீட்டு இலக்குகளைப் புதிய நேரத்துக்கு ஏற்ப ஆரம்பத்திலேயே மாற்றி எழுதி வாங்குவது. 4 நாள் வேலைக்கு 5 நாள் இலக்கை வைத்து ஆண்டு முடிவில் அளந்தால் யாரும் தேற முடியாது.

“பழைய நேரத்துக்கே திரும்ப வர முடியுமா?”

முடிவுத் தேதி எழுதியிருந்தால் முடியும். எழுதாவிட்டால் சிக்கல். பிரிட்டனில் தற்காலிகம் என்று ஒப்புக்கொள்ளாத மாற்றம், ஒப்பந்தத்தில் நிரந்தர மாற்றமாகிவிடும். ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறையில், குறிப்பிட்ட காலத்துக்குக் கேட்டவர் அந்தக் காலம் முடிந்ததும் பழைய முறைக்குத் திரும்பும் உரிமை உண்டு. மாதிரி மெயிலில் ‘செப்டம்பர் 30 வரை’ என்று போட்டது இதற்காகத்தான். நீட்டிப்பது பெரும்பாலும் எளிது, திரும்ப வாங்குவது கடினம்.

“என் வீட்டுக்காரர் கேட்கலாமா? அவங்க ஆபீஸ்ல சிரிப்பாங்களே?”

கட்டாயம் கேட்கலாம். இரண்டாவது கேள்வியில் சொன்ன பிரிட்டன், ஆஸ்திரேலியா, மலேசியா, சிங்கப்பூர், ஐரோப்பிய ஒன்றிய விதிகள் எவையும் தாய்க்கு மட்டும் உரியவை அல்ல. இருவரும் ஆளுக்கு ஒரு மணி நேரம் எதிரெதிர் திசையில் தள்ளிக்கொண்டால், அவர் காலையில் குழந்தையை விட்டுவிட்டு வரலாம், நீங்கள் மாலையில் அழைத்துவரலாம். இருவருக்குமே சம்பளம் குறையாது. என் இரண்டாவது குழந்தைக்கு நாங்கள் இப்படித்தான் செய்தோம். அவர் கேட்ட மூன்று மாதத்தில் அவருடைய பிரிவில் இன்னும் இரண்டு அப்பாக்கள் கேட்டார்கள்.

“என்னால முடியலக்கா. ராஜினாமா எழுதி வெச்சிருக்கேன்.”

இந்த வாரம் கொடுக்காதீர்கள். சேர்ந்த முதல் மூன்று மாதம், தூக்கமில்லாத உடம்போடு எடுக்கும் முடிவு அது. இதுவரை எழுத்தில் எதையும் கேட்கவில்லையென்றால், முதலில் அதைக் கேளுங்கள். கேட்டு மறுத்திருந்தால், இரண்டு மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமா என்று பாருங்கள்.

அழுகை நிற்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை, இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போகிறது என்றால் அது வேலை நேரப் பிரச்சினை மட்டும் இல்லை. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு முதல் ஓராண்டில் எப்போது வேண்டுமானாலும் வரலாம், சிகிச்சையில் குணமாகும். உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ, குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவோமோ என்ற பயமோ வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், தனியாக இருக்காதீர்கள். அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், ராஜினாமாவை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, நாளைக்கு டாக்டரிடம் நேரம் வாங்குங்கள், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். வேலையை என்ன செய்வது என்பதை அதற்கு அப்புறம் பேசலாம்.